பின்கதவில் ஒரு கோடு

பட்டறையில் அவனுக்கு வைத்த பெயர் 'கண்ணாடி'. அவன் பாலிஷ் போட்டு அனுப்பிய காரில் முகம் பார்த்துத் தலை சீவலாம் என்பதால் வந்த பட்டம். கை அவ்வளவு சுத்தம், வாய் மட்டும் மக்கர் பண்ணும். அன்பாக நாலு வார்த்தை பேசச் சொன்னால் தொண்டையில் முள் சிக்கியவன் மாதிரி முழிப்பான். அதனால்தான் மாடி வீட்டு டீச்சருக்குச் சொல்ல வேண்டிய நன்றி மூன்று மாதமாக அவனிடமே தங்கிப்போயிருந்தது.

விஷயம் ஒன்றும் சின்னதல்ல. அன்று மதியம் அவன் மனைவிக்குத் திடீரென்று வலி கண்டுவிட்டது. டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் பதினைந்து நாள் இருந்தது. இவனோ போனை லாக்கரில் பூட்டிவிட்டு, முகமூடியும் காதடைப்புமாக எவனுடைய காரையோ மினுக்கிக்கொண்டிருந்தான். டீச்சர்தான் அவளைத் தன் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு கிளம்பினார். பெரிய சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். வேறு வழியில்லாமல், வேலிச்செடி இரண்டு பக்கமும் நெருக்குகிற சந்துக்குள் கார் கீச்சுக் கீச்சென்று கத்தக் கத்த ஓட்டிப்போனார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் யாரையும் காப்பாற்றியிருக்க முடியாது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். இன்று தாயும் மகளும் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறார்கள். டீச்சரின் கருநீலக் காருக்குத்தான் உடம்பெல்லாம் கோடு.

அதைப் பற்றி டீச்சர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூட இவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மாடிக்குப் போய்க் கார் சாவியைக் கேட்டான். "லீவு நாள்ல எதுக்கு தம்பி?" என்றார் டீச்சர். "சும்மாதான் டீச்சர்" என்றான். மூன்று மாதம் யோசித்து வைத்திருந்ததில் வெளியே வந்தது அவ்வளவுதான்.

காரை நிழலில் நிறுத்தி, மண் ஒரு துளி இல்லாமல் கழுவினான். ஓரங்களிலும் மடிப்புகளிலும் டேப் ஒட்டினான். பூச்சு அங்கேதான் மெல்லிசு, முதலில் போவதும் அங்கேதான். நிறத்துக்கு மேலே கண்ணாடி மாதிரி இருக்கிற கிளியர்கோட் பூச்சு தலைமுடியைவிட மெல்லியது. கீறல் அதற்குள்ளேயே நின்றிருந்தால் தேய்த்து எடுத்துவிடலாம். அதைத் தாண்டித் தேய்த்துவிட்டால் கதவு முழுக்கத் திரும்பவும் பெயிண்ட் அடிக்க வேண்டியதுதான்.

இரண்டாயிரம் நம்பர் உப்புத்தாளைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, ரப்பர் கட்டையில் சுற்றி, கொஞ்சம்கூட அழுத்தாமல் தேய்த்தான். வெள்ளையாகத் தண்ணீர் வடிந்தது. வெள்ளையாக வடிகிறவரை கிளியர்கோட்தான் கரைகிறது, கவலையில்லை. நீலம் எட்டிப் பார்த்தால் கதை முடிந்தது. துடைத்துப் பார்த்து, இன்னும் நைசான மூவாயிரத்துக்கு மாறினான். அப்புறம் பாலிஷ் கிரீம். மெஷினை ஓரிடத்தில் நிற்கவிடாமல் ஓட்டி, தகடு சுடுகிறதா என்று அடிக்கொரு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டான். மதியத்துக்குள் கார் முக்கால்வாசி புதுசாகிவிட்டது.

பின்கதவில்தான் வந்தது வினை. கைப்பிடிக்குக் கீழே ஒரு சாண் நீளக் கோடு. நகத்தை ஓட்டினால் சிக்கியது, அவ்வளவு ஆழம். நகம் சிக்குகிற கீறலைத் தேய்த்து எடுக்கப் பார்க்காதீர்கள் என்று வருகிறவர்களிடமெல்லாம் பாடம் நடத்துகிறவன்தான் இவன். ஆனால் அந்தக் கதவுக்குப் பின்னால்தானே அவள் படுத்துத் துடித்திருப்பாள்? அந்த நேரத்தில் தான் எங்கே இருந்தோம் என்று அந்தக் கோடு கேட்பது போலிருந்தது. தேய்த்தான். இன்னும் கொஞ்சம் தேய்த்தான். பூச்சின் கனம் பார்க்கிற மீட்டரை வைத்தான். பக்கத்தில் நூற்றிருபது மைக்ரான் காட்டியது இங்கே நூற்றுப்பத்து காட்டியது. இன்னும் கொஞ்சம் போனால் நீலம் வந்துவிடும். கோடோ அப்படியே இருந்தது. ஆயிரம் நம்பர் தாளை எடுத்தான்.

வாசலில் குழந்தையோடு உட்கார்ந்திருந்த மனைவி பார்த்துவிட்டாள். "ஏங்க, அது முரட்டுத் தாள்னு சொல்வீங்களே?"

"இது ஒண்ணு மட்டும் போகணும்."

"போகலைன்னா?"

"கதவைத் திறக்கும்போதெல்லாம் அவங்க கண்ணுல படும்."

"நீங்க பெயிண்டை உரிச்சு வச்சா அதுவும்தான் படும்." அவள் குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டாள். "அன்னிக்கு அவங்க வண்டியைப் பார்க்கலைங்க. என்னைத்தான் பார்த்தாங்க. நீங்க என்னடான்னா வண்டியையே பார்த்துட்டு இருக்கீங்க."

சுருக்கென்றது. ஆயிரம் நம்பர் தாளைக் கீழே போட்டுவிட்டு, தேய்த்த இடத்தை மட்டும் மூவாயிரத்தால் நயமாக்கி, மெஷினை மெதுவாக ஓட்டினான். பளபளத்த கதவில் கோடு அப்படியே நின்றது. அதை விட்டுவைக்க அவன் பட்ட பாடு அவனுக்குத்தான் தெரியும்.

சாயங்காலம் டீச்சர் இறங்கி வந்தார். காரை ஒரு சுற்றுச் சுற்றி, "அடேங்கப்பா! என் நரையெல்லாம் தெரியுதே தம்பி!" என்றார்.

அவன் பின்கதவைக் காட்டினான். "இது ஒண்ணுதான் போகல டீச்சர். ஆழமா விழுந்துடுச்சு. எங்களால வந்தது... மன்னிச்சுக்குங்க."

டீச்சர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது முகமெல்லாம் சிரிப்பு. "இதா? இதுக்கும் உங்களுக்கும் சம்பந்தமே இல்லையே! போன வருஷம் நானே ஸ்கூல் கேட்ல உரசினது. யாரோ இடிச்சுட்டாங்கன்னு எங்க வீட்டுக்காரர்கிட்ட இன்னைக்கு வரைக்கும் புளுகிட்டு இருக்கேன். காட்டிக் குடுத்துடாதீங்க!"

மனைவி கொல்லென்று சிரித்தாள். அவனும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தான். கண்தான் முந்திக்கொண்டு நிறைந்தது. இனித் தேய்ப்பதற்கு எதுவும் மிச்சமில்லை, சாக்குச் சொல்லி நழுவ வழியுமில்லை.

"அன்னிக்கு நான் இல்ல டீச்சர்," என்றான். "இவ என்னைத்தான் கூப்பிட்டிருக்கா, நான் எடுக்கல. நீங்க இருந்தீங்க. நான் வேலை முடிஞ்சு திரும்பிப் போறதுக்கு இன்னிக்கு ஒரு வீடு இருக்குன்னா, அது நீங்க குடுத்தது. ரொம்ப நன்றி டீச்சர்."

ஒரு வகுப்பையே ஒரே அதட்டலில் அடக்குகிற டீச்சர், வெள்ளைக் கசடு காய்ந்துபோயிருந்த அவன் கையை எட்டிப் பிடித்துக்கொண்டு, வெகுநேரம் விடாமல் நின்றார்.