வீடு திரும்பும் வண்டிக்குச் சைரன் இல்லை

வெறும் வண்டியில் டீ குடிக்கப் போகிறவன்கூடச் சைரன் போடுகிற காலம் இது. ஆம்புலன்ஸ் ஓட்டும் அல்தாஃப் அந்த ரகம் இல்லை. உயிரைக் காப்பாற்ற ஆஸ்பத்திரிக்கு ஓடும்போது மட்டும்தான் அவன் கை அந்த ஸ்விட்சைத் தொடும். வீடு திரும்புகிறவருக்குக் கிடையாது, பிணத்துக்குக் கிடையவே கிடையாது. இன்றைக்குப் பொய்யாகக் கத்தினால் நாளைக்கு எவன் ஒதுங்குவான் என்று கேட்பான்.

அன்றைக்கு ஆடிக் கிருத்திகை. அரக்கோணத்தில் டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். திருத்தணி மலைக்கோயில் மடப்பள்ளியில் காலமெல்லாம் பொங்கல் கிளறிய நாராயணசுவாமி, ஆக்சிஜன் மாஸ்க்கோடு வண்டியின் பின்னால் கிடந்தார். மூச்சு இருக்கும்போதே வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவதாக லலிதாம்பாள் மாமி புருஷனுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அவருக்கு இனி வேண்டியது அது ஒன்றுதான்.

ஊருக்குள் நுழைந்ததுமே வண்டி நின்றுவிட்டது. சாலை கொள்ளாமல் காவடிகள். பம்பைச் சத்தத்தில் ஹாரன் யார் காதிலும் விழவில்லை.

"சைரன் போடேன்ப்பா."

"ஊட்டுக்குப் போறதுக்குப் போடக்கூடாது மாமி. தப்புங்க."

"இழுத்துண்டிருக்குப்பா அவருக்கு. ஆத்து வாசலையாவது பாக்கட்டுமே."

கண்ணாடியில் மாமியின் முகத்தைப் பார்த்தான். எந்தச் சட்டமும் அதற்கப்புறம் நிற்கவில்லை. போட்டான்.

"ஒத்துங்க, ஒத்துங்க! உள்ள உசுரு ஊசலாடிகினு கீது!" என்று ஒரு பம்பைக்காரர் கத்தினார். காவடிகள் இரண்டு பக்கமும் சாய்ந்து ஒதுங்கின. கொதிக்கிற தார் ரோட்டில் வெறுங்காலோடு, ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொண்டு நின்றார்கள். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய குழந்தையை இடுக்கிக்கொண்டு ஒருத்தி, வண்டியைப் பார்த்து ஒரு கையால் கும்பிட்டாள். பிழைக்கட்டும் என்று வேண்டுகிறாள் பாவம். அல்தாஃபுக்கு நெஞ்சு குறுகுறுத்தது.

இன்னும் இரண்டே தெரு.

"நிறுத்திடுப்பா," என்றார் மாமி.

"தோ, வந்துட்டோம் மாமி."

"சைரனைச் சொன்னேன். அவர் போயாச்சு." மாமி அவர் கண்களை மூடிவிட்டிருந்தார். குரல் உடையவில்லை. "பாவம், கால் சுடச்சுட நிக்கறா. அவாளைப் போகச் சொல்லு. நமக்கு இனிமே என்ன அவசரம்?"

அல்தாஃப் சைரனை நிறுத்தினான். கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கி, அந்தப் பம்பைக்காரரிடம் போனான். பொய்யை வைத்துக்கொள்ள அவனால் முடியவில்லை.

"ஊட்டுக்குத்தாங்க இட்டுகினு வந்தோம். முடிஞ்சிடுச்சு. நீங்க போங்க."

அவர் குச்சியை இடுப்பில் செருகிக்கொண்டார். அவருக்குப் பின்னால் ஒவ்வொரு பம்பையாக அடங்கியது. ஒரு காவடியும் நகரவில்லை.

"நாங்க நிக்கிறோம் தம்பி," என்றார். "மொதல்ல அவரு ஊட்டுக்குப் போவட்டும்."