கணக்கப்பிள்ளை ஐயாவு இறங்கிய இடங்கள்

ஊசிக்கல் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை ஐயாவு, 1994ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம், சின்னத்தம்பியை அடக்கம் செய்த அன்று மண்ணுக்குள் இறங்க ஆரம்பித்தார். முதல் நாள் கரண்டைக்கால் அளவுதான். புதைகுழி ஓரத்து மண் இளகியிருக்கும் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். மறுநாள் காலையில், வேலைக்குப் போகுமுன் ஆட்கள் கூடும், தலைமுறை தலைமுறையாக மிதிபட்டு இறுகிக் கிடந்த பிரட்டுக்களத்திலும் அவர் அதே அளவுக்கு இறங்கித்தான் நின்றார். பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்த கிளாக்கர் ஒரு தடவை குனிந்து பார்த்துவிட்டு அடுத்த பேரைக் கூப்பிட்டார். பலகையிலும் சீமெந்துத் தரையிலும் ஐயாவு மற்றவர்களைப் போலவே நின்றார், நடந்தார், படுத்துத் தூங்கினார். மண்ணில் கால் வைத்தால்தான் இறக்கம்.

பெல்மதுளையிலிருந்து மேலே ஏறினால் வரும் தோட்டம் அது. பாதி ரப்பர், பாதி தேயிலை. 1992இல் புதுக் கம்பெனி பொறுப்பெடுத்ததும், தோட்டத்துக்கு ஒரு தீயணைப்புப் படை வேண்டும் என்று உத்தரவு வந்தது. ரப்பர் ஷீட்டைப் புகை போட்டுக் காய வைக்கும் புகைக்கூடம் எந்த நேரமும் பற்றக்கூடியது, அதனால் உத்தரவில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. படைக்கு ஐயாவு தலைவர் ஆனார். படைக்கு வருஷாவருஷம் எஸ்டிமேட் போடுவது எப்படி என்று படித்து வர அவரை இரத்தினபுரிக்கு இரண்டு நாள் அனுப்பினார்கள். எது பற்றுமோ அதற்கு முதலில் பணம் ஒதுக்கு, இருக்கிற சாமானைப் பழுது பார்க்கக் கொஞ்சம் ஒதுக்கு, எதிர்பாராததற்கு என்று கொஞ்சம் தொடாமல் வை என்று அங்கே ஒரு அதிகாரி பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். ஐயாவு சான்றிதழோடு திரும்பி வந்தார். அதைக் கண்ணாடி போட்டு முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். தோட்டத்திலே எஸ்டிமேட் தெரிந்த ஒரே தமிழன் தான்தான் என்ற நினைப்பு அவருடைய நடையிலேயே தெரிந்தது.

சொல்லிக் கொடுக்காத ஒன்றை அவர் தானாகவே கற்றுக்கொண்டார். டிசம்பருக்குள் செலவழிக்காத பணத்தைக் கம்பெனி திருப்பி எடுத்துக்கொள்ளும், அடுத்த வருஷத்துக்கும் அந்த அளவு குறைத்துத்தான் தரும். மிச்சம் வைக்கிறவன் ஏமாளி. 1993இல் கொழும்பிலிருந்து கம்பெனியின் பெரிய துரை படையைப் பார்க்க வருகிறார் என்று தெரிந்ததும், ஐயாவு, தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் ஐந்தாம் லயத்துக்கு மேலே கட்டவிருந்த தண்ணீர்த் தொட்டியையும் ரப்பர் குழாயையும் எஸ்டிமேட்டிலிருந்து எடுத்தார். “இங்கே வருஷம் முழுக்க மழை. தொட்டி அவசியமில்லை” என்று அழகான கையெழுத்தில் எழுதினார். பொய்யும் இல்லை. அந்தப் பக்கம் துவைத்த துணி வாரக்கணக்கில் காயாது, உப்பு ஜாடிக்குள்ளேயே தண்ணீராகிவிடும். அந்தப் பணத்தில் படைக்காரர்களுக்குச் சிவப்புப் பட்டி வைத்த காக்கிச் சட்டையும் பூட்சும் பெரிய துரைக்கு மத்தியானச் சாப்பாடும் ஆயிற்று. படைக் கமிட்டியில் அதற்கு எல்லாரும் கையைத் தூக்கினார்கள். பெல்மதுளையில் ஹாட்வெயார் கடை வைத்திருந்த பாறூக் நானா மட்டும், எடுத்து வைத்திருந்த குழாயைக் காட்டி, “இதயாச்சும் கொண்டுபோங்க கணக்கப்புள்ள, காசு பொறகு தாங்க” என்றார். கடனுக்குச் சாமான் எடுக்கக் கூடாது என்று படித்திருக்கிறேன் நானா, என்று ஐயாவு சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு வந்தார். ரப்பர் தோட்டத்தில் ரப்பர் குழாய் இல்லாமல் போன கதை இதுதான்.

மறு வருஷம் பெப்ரவரியில் மழை நின்றது. மூன்று வாரம் ஒரு துளி இல்லை. ஒரு மத்தியானம் புகைக்கூடம் பற்றி, காற்றோடு ஐந்தாம் லயத்துக் கூரைக்குத் தாவியது. படை வந்த வேகத்தை இன்றைக்கும் குறை சொல்ல முடியாது. சட்டை, பூட்ஸ், வரிசை எல்லாம் சரியாக இருந்தது. தண்ணீர் மட்டும் பள்ளத்து ஆற்றில் இருந்தது. வாளியை வாங்கி வாங்கி மேலே அனுப்புவதற்குள் நாலு குடும்பத்துக் காம்பரா எரிந்து போய்விட்டது. படைக்காரன் சின்னத்தம்பி, படுத்த படுக்கையாகக் கிடந்த ஒரு கிழவரைத் தூக்கிவந்து வாசலுக்கு வெளியே தள்ளிவிட்டான். அவன் வெளியே வருவதற்குள் கூரை இறங்கியது. புதுச் சட்டையோடுதான் போனான். அவன் மனைவி தவமணிக்கு அப்போது இருபத்து நாலு வயது, கையில் ஒரு பெண் குழந்தை.

ஐயாவுவை யாராவது நாலு வார்த்தை திட்டியிருந்தால் இந்தக் கதையே இல்லை. யாரும் திட்டவில்லை. கமிட்டிக்காரர்கள் தாங்களும் கையைத் தூக்கினவர்கள், வாய் திறக்கவில்லை. கம்பெனி தொட்டிக்குக் காசு தரவில்லையாம் என்று தவமணியிடம் யாரோ சொன்னார்கள், அவளும் நம்பினாள். ஐயாவு அதைத் திருத்தவில்லை. ஒவ்வொரு மாதமும் உண்மையைச் சொல்லிவிடுவது என்று கிளம்பி அவள் வாசலுக்குப் போவார். “வாங்கண்ணே, நீங்க என்னா செய்வீங்க பாவம், தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க” என்பாள். வந்ததைச் சொல்லாமலே குடித்துவிட்டுத் திரும்புவார். திரும்பும்போது வந்ததைவிட இன்னும் கொஞ்சம் ஆழத்தில் நடப்பார். நல்ல வார்த்தை கேட்டால்தான் இறக்கம் கூடுகிறது என்பது அவருக்கு முதல் வருஷமே விளங்கிவிட்டது. யாரிடம் போய், என்னைத் திட்டுங்கள் என்று கேட்பது? அதற்கும் வெட்கமாக இருந்தது.

1997இல் முழங்கால். 2000இல் தொடை. அவர் நடந்து போன வழி ஏர் உழுததுபோல் கிடக்கும். எதிரே வருகிறவர்கள் கை கொடுத்துப் படியேற்றிவிடுவார்கள், ஐயா ஐயா என்று மரியாதையாகப் பேசுவார்கள், அவர் இன்னும் கொஞ்சம் இறங்குவார். தோட்டத்து டாக்டர் விட்டமின் குளிசை கொடுத்தார். இரத்தினபுரியிலிருந்து ஒரு மாணிக்கக்கல் முதலாளி வந்து, ஐயாவு கிளறிவிட்ட மண்ணையெல்லாம் கூடையில் அள்ளி அரித்துப் பார்த்தார். மூன்று நாளில் விலை போகாத ஒரு கல்தான் கிடைத்தது. இந்த ஆள் எதனால் இப்படி இறங்குகிறார் என்று அவர் சிங்களத்தில் கேட்டதற்கு, பழைய படைக்காரர் வேலுசாமி, “லஜ்ஜாவட்ட, மாத்தயா” என்றார். வெட்கத்தினால். முதலாளி அதற்குமேல் கேட்காமல் கூடையைத் தூக்கிக்கொண்டு போனார்.

இவ்வளவுக்கும் படைத் தலைவர் ஐயாவுதான். வேறு யாரும் வர மாட்டோம் என்றுவிட்டார்கள். வருஷாவருஷம் எஸ்டிமேட்டின் முதல் வரியில் தொட்டி என்று எழுதி அனுப்புவார். இங்கே வருஷம் முழுக்க மழை, தொட்டி அவசியமில்லை என்று கொழும்பிலிருந்து பதில் வரும். தன்னுடைய வாசகமே தட்டச்சில் திரும்பி வருவதை வாசித்து வாசித்து அவர் பாதி ஆளாகிப் போனார். 2003இல் இடுப்பு. 2005இல் நெஞ்சு. இன்னும் இரண்டு வருஷத்தில் தலையும் மறைந்துவிடும் என்று ஊரில் பேச்சு அடிபட்டது. மறைவது பற்றி அவருக்குக் கவலையில்லை. தவமணி கேட்காமலே மறைந்துபோவோமோ என்பதுதான் பயம்.

அந்த வருஷம் தவமணியைக் கமிட்டிக்குத் தெரிவு செய்தார்கள். வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவுக்கு முன்னால் இருந்த வெறும் தரையில் கூட்டம். எல்லாரும் பாயில், ஐயாவு நெஞ்சளவு மண்ணில். தொட்டி இந்த வருஷமும் இல்லை என்று கிளாக்கர் வாசித்ததும் அவள் நிமிர்ந்தாள்.

“எல்லா வருசமும் இதே கததான். அந்த மொத வருசம் கம்பெனி என்னா சொல்லி வெட்டுச்சு?”

கமிட்டி முழுக்கப் பாயைப் பார்த்தது. ஐயாவு, “கம்பெனி வெட்டல தங்கச்சி. நான்தான் வெட்டுனேன்” என்றார்.

“எதுக்கு?”

“சட்ட தைக்க.”

“அவ்வளவுதானா?” என்றாள் தவமணி. “பெரிய காரணம் ஏதாச்சும் இருக்கும்னு நெனச்சுக்கிட்டு இருந்தேனே. பதினொரு வருசம் தேத்தண்ணி ஊத்துனேனே ஒங்களுக்கு. வெக்கமா இல்லியா?”

இருக்கிறது என்று ஐயாவு சொல்லத் தேவைப்படவில்லை. அவர் இறங்குவது அந்த வார்த்தையில் நின்றது. மேலே வரவுமில்லை, நின்றது, அவ்வளவுதான். நாலு பேர் கயிறு போட்டு அவரைத் தூக்கி எடுத்தார்கள், எடுத்து வைத்த இடத்தில் மண்ணுக்கு மேலேயே நின்றார். விடிந்து பார்த்தால் அவர் நின்ற குழியில் தண்ணீர் ஊறி விளிம்பு தட்டிக்கொண்டிருந்தது. தவமணி அந்தக் குழிக்குப் பக்கத்தில் நெடுநேரம் நின்றுவிட்டுப் போனாள்.

அடுத்த வாரம் அவள் ஐயாவுவின் வாசலுக்கு வந்து, மூணாம் லயத்துக்கு மேலே வரச் சொன்னாள். அவர் போனார். அவள் சுற்றுமுற்றும் பார்த்து ஓர் இடத்தைக் காட்டி, அவர் அங்கே நின்றதும், “சாப்பிட்டீங்களாண்ணே?” என்று கேட்டாள். முகத்தில் ஒரு ஈரமும் இல்லை. வார்த்தை மட்டும் பழைய வார்த்தை. ஐயாவுக்குக் கண் நிறைந்து வழிந்தது, கால் இறங்கியது. “ஒடம்பு எப்பிடி இருக்கு? ராவுல தூக்கம் வருதா?” அவர் வட்டமாக நடந்துகொண்டே இறங்கினார், ஆட்கள் இளகிய மண்ணை அள்ளி அள்ளி வெளியே கொட்டினார்கள். தாடை மட்டத்துக்கு வந்ததும், “வெக்கமா இல்லியா?” என்றாள். நின்றது. கயிறு போட்டார்கள். இப்படித்தான் லயத்துக்கு ஒன்றாகத் தண்ணீர்க் குழி எடுத்தார்கள். குழி வெட்டுகிற கூலி எஸ்டிமேட்டில் ஏறவேயில்லை. அப்படி மிஞ்சிய படைப் பணத்தில் பாறூக் நானாவிடம் பம்பும் குழாயும் வாங்கி, கொஞ்சம் மிச்சமும் வைத்தார்கள். அந்த மிச்சத்தைக் கம்பெனி திருப்பிக் கேட்டபோது தவமணி போய்த் துரையின் பங்களா வாசலில் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு கேட்கவில்லை. அவளிடமிருந்து வந்த ஒவ்வொரு நல்ல வார்த்தையும் ஐயாவுக்கு நெருப்பாகத்தான் விழுந்தது. ஆனாலும் கூப்பிட்ட நாளில் அவர் ஒரு தடவைகூட வராமல் இருந்ததில்லை.

2009இல் மூணாம் லயத்தில் விளக்குச் சரிந்து தீப்பிடித்தது. குழித் தண்ணீரால் சோறு வேகிற நேரத்துக்குள் அணைத்துவிட்டார்கள். ஒரு காம்பராவின் கதவு மட்டும் கருகியது. அந்தக் காம்பராக்காரப் பெண், கைக்குழந்தையோடு ஓடிவந்து ஐயாவுவின் கையைப் பிடித்துக்கொண்டு, “ஐயா, நீங்க மவராசனா இருக்கணும்” என்று அழுதாள். சொல்லி முடிப்பதற்குள் அவர் நெஞ்சு வரை போய்விட்டார். தவமணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அந்தப் பெண்ணின் கையைப் பிரித்துவிட்டாள்.

“போதும் விடு. இவர யாரும் வாழ்த்த வேணாம். ஆறாம் லயத்துக்கு இன்னும் குழி இல்ல.”

அன்றிலிருந்து ஊசிக்கல் தோட்டத்தில் ஐயாவுக்கு, குழி எடுக்கிற நாளில் தவமணியைத் தவிர, யாரும் நல்ல வார்த்தை சொல்வதில்லை. எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார்கள். அது சரிதான் என்று அவரும் ஒதுங்கி வழி விடுகிறார். புதிதாக வரும் துரைமாருக்கு இதை முதல் நாளே சொல்லிவிடுகிறார்கள், அவர்களும் தலையாட்டிக்கொள்கிறார்கள்.