இரண்டு யார் புல்

“வோன்மொபிலை ஒரு பொலிஸ்காரனும் மறிக்கமாட்டான்,” என்றார் என் மனுசன் வின்சன்ற். “அதுக்குள்ள ஆர் போறது? பென்சன் எடுத்த கிழவனும் கிழவியும். ரெயினெண்டால் பிடிப்பான், காரெண்டால் பிடிப்பான். உதைக் கண்டால் கையைக் காட்டிப்போட்டுப் போவான்.”

அவருடைய மூளையைப் பற்றி எனக்குத் தெரியாதா? ஆனாலும் வேறு வழி கிடைக்கவில்லை. அவரோடு வேலை செய்யும் ஜேர்மன்காரர் ஒருவரிடம் வோன்மொபில் என்கிற அந்த வீட்டு வண்டியை இரவல் வாங்கி, சனிக்கிழமை டுசல்டோர்ஃபில் இருந்து புறப்பட்டு, ஞாயிறு காலை கெம்ப்டனில் என் தம்பி யூட்சனை ஏற்றினோம். அடுப்பு, கட்டில், குளிர்ப்பெட்டி, கக்கூசு எல்லாம் வண்டிக்குள்ளேயே இருந்தன. முன்கண்ணாடிக்குக் கீழே நான் கொண்டுவந்த அந்தோனியார் சிலையும் இருந்தது. பார்க்கிறவர்களுக்கு அது உல்லாசப் பயணம். எனக்கு வயிற்றில் நெருப்பு.

யூட்சனிடம் இருந்தது டுல்டுங் என்கிற காகிதம். ‘உன்னை இன்னும் திருப்பி அனுப்பவில்லை’ என்பதைத் தவிர அது வேறொன்றும் சொல்லாது. அதை வைத்துக்கொண்டு அவன் பவேரியா மாநிலத்தை விட்டு வெளியே கால் வைக்கக் கூடாது. ஒருமுறை வைத்தான். ரெயினில் போய் பிறீட்றிக்ஸ்காபன் ஸ்ரேசனில் பிடிபட்டான். முதல் தரம் என்பதால் தண்டத்தோடு விட்டார்கள். இரண்டாம் தரம் பிடிபட்டால் கிரிமினல் வழக்கு. அது 2007ஆம் ஆண்டு. நெடுநாளாக இங்கே இருப்பவர்களுக்கு விசா கொடுக்கச் சட்டம் வந்துகொண்டிருந்த நேரம். இவனுடைய விண்ணப்பம் கந்தோரில் கிடக்கிறது, அடுத்த மாதம் டெர்மின், நேரில் வரச் சொன்ன நாள். வழக்கொன்று விழுந்தால் விண்ணப்பமும் போய்விடும், அவனும் கொழும்புக்குப் போய்விடுவான். அந்த வருசம் கொழும்பில் வந்திறங்குகிற மன்னார்ப் பொடியனுக்கு என்ன நடக்கும் என்று எனக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை.

“ஒரு மாசம் பொறுக்கேலாதோடா?” என்று போனில் கத்தினேன்.

“நான் பொறுப்பன் அக்கா. அவள் பொறுக்கமாட்டாளாம்.”

அவள் என்றால் அஞ்சலா, அவனுடைய பெண்சாதி. கலியாணம் முடித்து மூன்றாம் மாதம் இருவரும் ஒன்றாகத்தான் புறப்பட்டார்கள். வழியில் ஏஜென்ற் இவளை ஒரு வானிலும் இவனை இன்னொரு வானிலும் ஏற்றினான். “நாளைக்குச் சந்திப்பியள்” என்றானாம், அறுவான். ஒரு வான் சுவிஸில் போய் நின்றது, மற்றது ஜேர்மனியில். கலியாணக் கடிதமும் ஏஜென்றோடு போயிற்று. ஊர்ப் பங்குக் கோயிலில் பிரதி கேட்டால், பதிவேடு சண்டையில் எரிந்துவிட்டதாம். கடிதம் இல்லாதபடியால் இவனுக்கு அவளிடம் போக அனுமதியும் இல்லை. அவளுடைய அகதி அட்டையோடு அவளும் சுவிஸை விட்டு வெளியே வர ஏலாது. இப்படியே எட்டு வருசம் போயிற்று. போன வாரம் அவள் சொல்லிவிட்டாள்: “போனிலயே குடும்பம் நடத்தினது காணும். ஞாயிறு ரெண்டு மணிக்கு எல்லையில நிப்பன். வராட்டில் இனி போன் எடுக்க வேண்டாம்.”

கண்டறியாத கட்டளை! எனக்கு அவள்மேல் வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. என் தம்பியின் கழுத்துக்கு அல்லவா கயிறு போடுகிறாள்?

“இதுதான் முதலும் கடைசியும்,” என்று வண்டியில் ஏறும்போதே யூட்சனிடம் சொன்னேன். “பிறகு விசா வரும்வரைக்கும் மூச்சுக் காட்டக் கூடாது.”

“ஓம் அக்கா,” என்றான். ஷேவ் எடுத்து, கலியாண வீட்டுக்குப் போகிறவன் போலச் சேட்டு அயர்ன் பண்ணிப் போட்டிருந்தான். பார்க்கப் பார்க்க எனக்கு அழுகையும் வந்தது, அடிக்க வேண்டும் போலவும் வந்தது.

லிண்டாவ் வரைக்கும் பவேரியா, பயமில்லை. அதற்குப் பிறகு பெருந்தெரு போடன்சே ஏரியின் வடகரையோடு போகிறது. நொன்னன்ஹோர்ன் என்ற ஊர் தாண்டினால் அடுத்த மாநிலம். பெயர்ப்பலகையைக் கண்டதும் சிலுவை போட்டுக்கொண்டேன்.

“டேய், உள்ள போ.”

யூட்சன் கக்கூசுக்குள் போய்க் கதவைச் சாத்தினான். அது ஒரு ஆள் நிமிர்ந்து நின்றால் தோள் முட்டுகிற இடம்.

“இஞ்ச பாரும், என்ன வடிவு!” என்றார் வின்சன்ற். இடதுபக்கம் ஏரி கண்ணுக்கெட்டிய தூரத்துக்கு நீலமாகக் கிடந்தது. அக்கரையில் சுவிஸ் மலைகள். வலதுபக்கம் ஆப்பிள் தோட்டங்கள்.

“நீங்கள் ரோட்டைப் பாருங்கோ. வடிவு பாக்கிற நேரமே இது?”

மடியில் கனமிருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். என் கனம் கக்கூசுக்குள் குந்திக்கொண்டிருந்தது. எதிரே வந்த ஒவ்வொரு வெள்ளைக் காரும் எனக்குப் பொலிஸாகவே தெரிந்தது. பிறீட்றிக்ஸ்காபன் தாண்டும்வரை மூன்று தரம் செபமாலை சொல்லி, மூன்று தரமும் எண்ணிக்கை பிழைத்துவிட்டது.

ஹாக்னாவுக்குக் கிட்டவாக, பின்னால் நீல விளக்கு மின்னியது.

“மாதாவே!” என்றேன்.

வின்சன்ற் வண்டியை ஓரத்தில் நிறுத்தினார். அவருடைய காதெல்லாம் சிவந்துவிட்டது. நல்ல உயரமான, நடுவயதுப் பொலிஸ்காரர் ஒருவர் சிரித்துக்கொண்டே வந்தார். உங்கள் வண்டியின் பக்கப்படி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது, யாருடைய காலையாவது முறித்துவிடும் என்றார். காலையில் கெம்ப்டனில் இறக்கிய படி. இந்த மனுசன் அதை மடிக்கவே இல்லை! பொலிஸ் மறிக்காத வண்டி என்று கதை அளக்கத் தெரிந்தவருக்கு ஒரு படியை மடக்கத் தெரியவில்லை.

எங்கள் ஜேர்மன் பாஸ்போட்டுகளைப் பார்த்தார், திருப்பித் தந்தார். முடிந்தது என்று மூச்சு விட்டேன். அவர் போகவில்லை. தலையைச் சொறிந்தார்.

“ஒரு நிமிடம் உள்ளே பார்க்கலாமா? கடமைக்காக இல்லை. என் மனைவி இதே மாதிரி ஒன்று வாங்குவோம் என்று இரண்டு வருடமாக உயிரை வாங்குகிறாள்.”

மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? ஏறி வந்தார். அடுப்பைத் திருகிப் பார்த்தார். குளிர்ப்பெட்டியைத் திறந்து என் மீன்குழம்புச் சட்டியை மணந்து பார்த்து, “அருமை” என்றார். கட்டிலை அமத்திப் பார்த்தார். பிறகு கக்கூசுக் கதவின் கைப்பிடியில் கையை வைத்தார்.

“இதற்குள்ளே ஷவரும் இருக்கிறதா?”

வின்சன்ற் அந்தோனியாரைப் பார்த்தார். அந்த இடத்தில் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உண்மையைத்தான் சொன்னேன், கூடவே ஒரு வருத்தத்தையும் சேர்த்து.

“உள்ளே என் தம்பி இருக்கிறான். வயிற்றோட்டம். காலையிலிருந்து மிக மோசம்.”

பொலிஸ்காரர் நெருப்பில் தொட்டவர் போலக் கையை எடுத்தார். உள்ளேயிருந்து யூட்சன் ஒரு முக்கல் முக்கினான். அது நடிப்போ பயமோ எனக்குத் தெரியாது. “சுகமாகட்டும்!” என்று கதவுக்குச் சொல்லிவிட்டு, அவர் தானே இறங்கிப் படியை மடித்து, கையை ஆட்டிக்கொண்டு போனார்.

நான் நிலத்திலேயே இருந்துவிட்டேன். “பாத்தீரே, நான் சொன்னனெல்லே கையைக் காட்டுவாங்களெண்டு,” என்றார் வின்சன்ற். அவரைக் கொல்லாமல் விட்டது அந்தோனியாரின் புதுமை.

மேர்ஸ்பூர்க்கில் வண்டியோடு கப்பல் ஏறி, கால் மணித்தியாலத்தில் கொன்ஸ்தான்ஸில் இறங்கினோம். எல்லை ஏரிக்கரைப் புல்வெளியில் இருந்தது. முன்பு அங்கே கம்பிவேலி நின்றது. போன வருசம் அதைப் பிடுங்கிவிட்டு, உயர உயரமாகச் சிற்பங்களை வரிசையாக நட்டிருக்கிறார்கள். அவற்றுக்கு இந்தப் பக்கம் ஜேர்மனி, அந்தப் பக்கம் சுவிஸ். நடுவில் வெறும் புல். இரண்டு பிள்ளைகள் பந்தடித்துக்கொண்டு அங்குமிங்கும் ஓடினார்கள். ஒரு நாய் நாடுவிட்டு நாடு போய் மூத்திரம் பெய்துவிட்டு வந்தது.

“கோட்டைத் தாண்டினியோ, காலை முறிப்பன்,” என்று யூட்சனுக்குச் சொல்லித்தான் கூட்டிக்கொண்டு போனேன்.

அஞ்சலா நின்றாள். கலியாணப் படத்தில் இருபத்திரண்டு வயசுப் பிள்ளையாகப் பார்த்தவள். இப்போது காதோரம் நரை. ஒரு கையில் சாப்பாட்டுப் பை. எல்லைக்கு ஒரு யார், ஒரு மூன்றடி, தள்ளி நின்றாள். யூட்சனும் இந்தப் பக்கம் ஒரு யார் தள்ளி நின்றுவிட்டான்.

“வந்திட்டியளே,” என்றாள்.

“ஓம்.”

“மெலிஞ்சு போனியள்.”

“நீயும்.”

எட்டு வருசமாகப் போனில் மணிக்கணக்காகக் கதைத்தவர்கள், இரண்டு யார் புல்லைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவளை நாலு கேள்வி கேட்பது என்றுதான் வழி நெடுகத் தயார் பண்ணிக்கொண்டு வந்தேன். அவள் சாப்பாட்டுப் பையை இந்தக் கைக்கும் அந்தக் கைக்குமாக மாற்றிக்கொண்டே இருந்தாள். எனக்கு ஒரு கேள்வியும் நினைவுக்கு வரவில்லை.

ஏரிப்பக்கம் பார்த்தேன், ரோட்டுப்பக்கம் பார்த்தேன். ஒரு பொலிஸ் உடுப்புக்காரனும் இல்லை.

“டேய், போடா,” என்றேன்.

“அக்கா?”

“போ எண்டுறன்! உவ்வளவு தூரம் கக்கூசுக்குள்ள ஒளிச்சு வந்தது புல்லுப் பாக்கவோ?”

அவன் காலைத் தூக்கினான். தூக்கிய இடத்திலேயே வைத்தான். “ஏலாது அக்கா. கால் போகுதில்லை.” முகமெல்லாம் வேர்த்துவிட்டது. அங்கே அஞ்சலாவும் அசையவில்லை. “எனக்கும் பயமா இருக்கு மச்சாள்,” என்றாள். வேலியைப் பிடுங்கி என்ன பயன்? அது இந்தச் சனங்களின் காலுக்குள் அல்லவா நிற்கிறது!

எனக்கு மட்டும்தான் அங்கே கால் இருந்தது. போய் எல்லையின் நடுவில் நின்றேன். இந்தக் கையை நீட்டி என் தம்பியின் கையைப் பிடித்தேன், அந்தக் கையை நீட்டி அவளுடைய கையைப் பிடித்தேன். இரண்டும் ஐஸ் போலக் குளிர்ந்திருந்தன. இழுத்தேன். மாடு இழுக்கிற மாதிரித்தான் இழுத்தேன். இரண்டு கையையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துவிட்டு, என் கையை உருவிக்கொண்டு விலகினேன்.

அதற்குப் பிறகு நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. காவல்காரன் போல ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்று அழுதேன். வின்சன்ற் மீன்குழம்பையும் புட்டையும் கொண்டுவந்தார். எல்லைக்கு இந்தப் பக்கம் அவனும் அந்தப் பக்கம் அவளும் இருந்து, நடுவில் ஒரு கோப்பையை வைத்துச் சாப்பிட்டார்கள். நாலு மணி வரைக்கும் ஒரு பொலிஸும் வரவில்லை.

திரும்பும்போது மேர்ஸ்பூர்க்கில் இறங்கியதும் யூட்சன் தானாகவே கக்கூசுக்குள் போனான். ஹாக்னாவைத் தாண்ட ஒரு பொலிஸ் கார் எதிரே வந்தது. அது பேசாமல் போய்விட்டது.

“அக்கா,” கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. “பொலிஸ் போயிட்டுதோ?”

“போயிட்டுது. வாயை மூடிக்கொண்டு இரு.”

கதவு ஒரு விரலளவு திறந்தது.

“அடுத்த ஞாயிறும் வருவமோ?”

விசரன். அடுத்த மாதம் டெர்மின். பிடிபட்டால் எல்லாம் போய்விடும். ஏசத்தான் வாயைத் திறந்தேன். அந்தோனியாரைப் பார்த்தேன். மனுசனைப் பார்த்தேன், அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“உதுக்குள்ள இருக்க ஒரு தலகணி கொண்டுவாறன்,” என்றேன்.