எலி கடித்த கிட்டார்கள்

கணபதி ஏரியாவில் ஒரு சந்துக்குள் இருக்கும் வெங்கடபதியின் கிட்டார் பட்டறையில் ஐயாசாமியின் காதுக்கு இருந்த மரியாதை கலெக்டருக்குக்கூட இருக்காது. சென்னிமலையில் எறும்பு இருமினால் இங்கே இவர் திரும்பிப் பார்ப்பார் என்பார்கள். முடிந்த கிட்டார் ஒவ்வொன்றும் கடைசியாக அவரிடம்தான் வரும். கம்பி கம்பியாக அழுத்தி மீட்டுவார். எங்காவது உரசி இரைந்தால், கிட்டார் வந்த வழியே திரும்பிப் போகும்.

அந்தக் காதுதான் போய்விட்டது. மரம் குடையும் மெஷினுக்குப் பக்கத்து மேசையில் இருபத்தாறு வருஷம். காதில் செருகிக்கொள்ள ரப்பர் அடைப்பான் கொடுத்தார்கள். நல்ல காதை எவனாவது மூடுவானா என்று அத்தனையையும் டிராயரில் போட்டுவைத்தார். மெஷின் முதலில் குருவிகளைத் தின்றது. அப்புறம் குக்கர் விசிலை. அப்புறம் மனைவி பாவாத்தாளின் வசவுகளை. அதில் அவருக்குப் பெரிய வருத்தமில்லை. மெல்லிய கம்பியின் இரைச்சலும் போனபோதுதான் பயந்தார். காது போனவனிடம் எவன் கிட்டாரைக் கொடுப்பான்?

யாரிடமும் சொல்லவில்லை. ஒருநாள் கிட்டாரின் தலை தற்செயலாகப் பல்லில் இடித்தது. காதில் விழாத இரைச்சல் பல்லில் கூசியது. அன்றிலிருந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்து, கிட்டாரை நிமிர்த்தி, அதன் தலையைக் கவ்விக்கொண்டே சோதித்தார். துணி வைத்துக் கவ்வினால் கூச்சம் மங்கிவிடும். வெறும் பல்தான். பதினாலு மாதம் ஒரு பிசகு இல்லை.

பிறகு ஒரு கடையிலிருந்து முப்பத்தொரு கிட்டார்கள் திரும்பி வந்தன. தலையோரத்தை எலி கடித்திருக்கிறதாம்.

பட்டறை போர்க்களமானது. ஒன்பது பொறிகள் வாங்கினார்கள். வெங்கடபதி தன் வீட்டிலிருந்து கன்றுக்குட்டி அளவுக்கு ஒரு பூனையைக் கொண்டுவந்து இறக்கினார். பொறிகளில் தேங்காய்ச் சில்லு வைக்கும் பொறுப்பு ஐயாசாமியின் தலையிலேயே விழுந்தது. அவரும் சாமிக்குப் படைப்பதுபோல் தினமும் வைத்தார். ஒரு வால்கூடச் சிக்கவில்லை.

எலி கிடைக்காத கோபம் பாலிஷ் போடும் கயல்விழி மேல் திரும்பியது. பாலிஷ் காயுமுன் எதையோ வைத்து அழுத்தித் தழும்பாக்கிவிட்டாள், நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார் வெங்கடபதி. கயல்விழி அழவில்லை. ஒரு கிட்டாரைத் தூக்கிவந்து ஐயாசாமியின் முன்னால் வைத்தாள். தழும்பில் இரண்டு பள்ளம், நடுவே ஒரு பல் அகலத்துக்கு இடைவெளி. ஐயாசாமிக்கு முன்பல் ஒன்று இல்லாதது ஊருக்கே தெரியும்.

“ஏனுங்ண்ணா, இந்த எலிக்கு எத்தனை பல்லுன்னு நீங்களே சொல்லிப்போடுங்க.”

அவள் சொன்னது அவர் காதில் விழவில்லை. விழ வேண்டியதும் இல்லை.

“அம்மணி செய்யலீங்க,” என்றார் வெங்கடபதியிடம். “எலி நானுங்க.”

காரணத்தையும் சொன்னார். வெங்கடபதி மெஷினை நிறுத்தச் சொல்லி, கிட்டாரை எடுத்துக்கொண்டு, ஐயாசாமியின் முகத்துக்கு நேராக வந்து உரக்கச் சொன்னார்: “அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க ஐயாசாமி. நான் கம்பியைத் தட்டுனா கையைத் தூக்குங்க, போதும்.”

ஐயாசாமி திரும்பினார். எதிரே கயல்விழி நின்றிருந்தாள். பட்டறை மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. அவருக்கு அது எப்போதும்போலத்தான் இருந்தது. கயல்விழி கண்ணை ஒருமுறை மூடித் திறந்தாள். இப்போது தட்டுகிறார் என்று அர்த்தம். கொஞ்சம் பொறுத்து இன்னொரு முறை.

அவர் கையைத் தூக்கவில்லை.

மறுநாள் முதல் கயல்விழி பழையபடி பாலிஷில், ஐயாசாமி பேக்கிங்கில். அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டக் காது வேண்டாம். கடித்து அறுக்கப் பல் இருந்தால் போதும். எலி இல்லாத பட்டறையில் வேலையற்றுப்போன பூனை அவர் காலடிக்கு வந்து உட்கார்ந்து, அவரைப் பார்த்து வாயைத் திறந்தது. கத்துகிறதா, கொட்டாவி விடுகிறதா தெரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று கொஞ்சம் பால் ஊற்றினார்.