அம்மா பேசாதிருந்த நாட்கள்

எங்கள் சபையில் அம்மாவுக்கு 'மைக் அக்கா' என்று பெயர். அவள் ஜெபிக்க எழுந்தால் மைக்கே வேண்டியதில்லை என்பது ஒரு காரணம். கையில் கொடுத்துவிட்டால் திரும்ப வாங்க முடியாது என்பது இன்னொன்று. சபை ஊழியர்கள், நோயாளிகள், தேர்வெழுதும் பிள்ளைகள், நாட்டை ஆளுகிறவர்கள் என்று ஒருவர் விடாமல் சுற்றி வருவாள். "அக்கா ஆமென் சொல்றதுக்குள்ள டீ ஆறிடும்" என்று பாஸ்டரம்மாவே சிரிப்பார்.

பிழைப்பும் அந்தக் குரலால்தான். ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர். வெளியிலிருந்து வரும் அழைப்புகளை வார்டுகளுக்கு இணைத்துக் கொடுப்பாள். வீட்டுக்கு வரும்போது தொண்டை வறண்டிருக்கும். எங்களோடு ஜெபிப்பதெல்லாம் சாப்பாட்டு மேசையில், கரண்டியைக் கையில் பிடித்தபடி சொல்லும் ஒற்றை வரிதான். அதை நாங்கள் யாரும் ஒரு குறையாக நினைத்ததில்லை.

நான் பள்ளியின் கடைசி வகுப்பில் இருந்தபோது அவள் குரல் கரகரத்தது. குரல்நாணில் சின்னக் கட்டி. பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லி அறுவை செய்து எடுத்தார்கள். "காயம் ஆறுற வரைக்கும் பேசக் கூடாது. கிசுகிசுன்னுகூட வேண்டாம்" என்றார் டாக்டர்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். யாரும் தட்டில் கை வைக்கவில்லை. அம்மா அப்பாவைப் பார்த்துக் கையைக் காட்டினாள். அப்பா லிஃப்ட் மெக்கானிக். நாலு பேர் முன்னால் ஜெபித்து நான் பார்த்ததே இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஆண்டவரே, சாப்பாட்டுக்கு நன்றி. இவளுக்கும் நன்றி. வீடு ரொம்ப அமைதியா இருக்கு. அதுக்கு நன்றின்னு சொல்லலாமான்னு தெரியல. ஆமென்."

அம்மாவின் தோள்கள் குலுங்கின. சத்தம் வராமல் ஒருத்தி அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் கண்டதில்லை.

லீவில் இருந்ததால் காலையில் அவளுக்கு வேலை ஒன்றும் இல்லை. பால்கனியில், வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் கிடந்த பெஞ்சில் போய் உட்கார்ந்து கண்ணை மூடுவாள். கொஞ்ச நேரத்தில் எழுந்து துணி மடிப்பாள். மறுபடி உட்காருவாள், தலை தொங்கிவிடும். ஒரு நாள் நான் காபி கொண்டுபோனபோது என் பழைய சிலேட்டை எடுத்து எழுதிக் காட்டினாள். "கேக்க ஆள் இல்லன்னா எனக்கு ஜெபமே வரல."

அவள் கண் கலங்கியிருந்தது. சிலேட்டைப் புடவைத் தலைப்பாலேயே துடைத்துவிட்டாள்.

ஆனாலும் மறுநாளும் போய் உட்கார்ந்தாள். அதற்கடுத்த நாளும். அந்த அமைதியில், அவள் இணைத்துக் கொடுத்த குரல்கள் ஒவ்வொன்றாகத் திரும்ப வந்தனவாம். 'அப்பா முழிச்சுட்டாரா' என்று தினமும் கேட்ட பெண். லைன் கிடைத்த பிறகு ஒன்றும் பேசாமல் மூச்சு மட்டும் விட்ட ஒரு ஆள். 'கொஞ்சம் இருங்க' என்று சொல்லி பட்டனை அழுத்தியதோடு அவர்களை மறந்திருந்தாள். பெயர் தெரியாது, முகமும் தெரியாது. "ஜெபத்துல அந்தப் பொண்ணுன்னு மட்டும் சொல்லுவேன். ஆண்டவருக்குத் தெரியாதா எந்தப் பொண்ணுன்னு?" இதையெல்லாம் பேச ஆரம்பித்த பிறகு அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள், நான் பாடம் படிக்கிற சாக்கில் கேட்டுக்கொண்டிருந்தேன்.

குரல் திரும்பி வந்தது, முன்னைவிடக் கொஞ்சம் தடித்து. சபைக்கு வந்த முதல் நாளே பாஸ்டர் அவளை முடிவு ஜெபத்துக்குக் கூப்பிட்டார். பழகிப்போன ஜனங்கள் நாற்காலியில் வசதியாகச் சாய்ந்துகொண்டார்கள். அம்மா நன்றி சொன்னாள். வியாதியில் தனியாக இருக்கிறவர்களை நினைத்துக்கொள்ளச் சொல்லி ஆண்டவரைக் கேட்டாள். பிறகு சும்மா நின்றாள். ஆங்காங்கே ஒற்றைக் கண் திறந்தது. மைக் செட்காரர் வயரை அசைத்துப் பார்த்தார். அதற்குள் ஆமென் சொல்லிவிட்டாள்.

பாஸ்டர் வாசலில் விசாரித்தார். "உடம்பு இன்னும் சரியாகலையாக்கா?"

"நல்லா இருக்கேன் பாஸ்டர். காலைலயே நிறைய பேசிட்டேன்."

அதன்பின் வேலைக்குப் போகிற நாளென்றும் லீவு நாளென்றும் பார்க்காமல் அவள் அந்தப் பெஞ்சுக்குப் போனாள். சில நாள் தூங்கிவிடுவாள் என்பது எனக்குத் தெரியும். அதை ஒளித்ததும் இல்லை. "அவர் மடியிலதானே தூங்குனேன்" என்பாள்.

எனக்கு வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போன பிறகு, ஒருமுறை லீவுக்கு வந்திருந்தேன். ஜெபிப்பதையே விட்டிருந்த காலம் அது; வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. விடியும்போது விழிப்பு வந்துவிட்டது. பால்கனிக் கதவு திறந்திருந்தது. ஈரத் துணி வாசனையோடு குளிர்ந்த காற்று. அம்மா கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். நான் வாசற்படியில் நின்றேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

நான் போய் உட்கார்ந்துகொண்டேன்.