ஹுஷ் என்றாள் டேமர்

பசுவுக்குத் தண்ணீர் காட்டி, இரண்டு பேர் துணியையும் அலசிப் பிழிந்து, அடுப்புக்கு எரிக்கக் காய்ந்த சதுப்பு மண்கட்டிகளை மூன்று கூடை மேட்டிலிருந்து சுமந்து வந்து, அப்பாடா என்று ஹாரியட் உட்கார்ந்த நேரம் பார்த்துத்தான் கதவு தட்டப்பட்டது. எழுந்திருக்க உடம்பு வரவில்லை. இருந்தும் எழுந்தாள். வீட்டில் இன்னொருத்தி இருந்தாள், ஆனால் கதவுவரை நடந்துபோகிற கால் அவளுக்கு இல்லை.

வாசலில் நின்றவர் புதிதாக வந்திருந்த இளம் பாதிரியார் லைல். பூட்ஸ் இரண்டும் சேறு.

"தொந்தரவு பண்ணிட்டேனோ?"

"பண்ணிட்டீங்க. உள்ள வாங்க," என்று அடுப்படியிலிருந்து டேமர் குரல் கொடுத்தாள். கம்பளிக் காலுறை பின்னிக்கொண்டிருந்த அவளுடைய ஊசிகள் நிற்கவில்லை.

டேமர், ஹாரியட்டின் கணவன் ஐசக்கின் அக்கா. ஐசக் ஈயச் சுரங்கத் தூசியை இருபது வருடம் விழுங்கி, இருமி இருமியே நாற்பத்தாறு வயதில் போய்ச் சேர்ந்தான். அது ஆகி மூன்று வருடம். இப்போது வீட்டில் நாத்தனாரும் தம்பி மனைவியும், ஒரு பசு, ஏழு ஆடுகள்.

பாதிரியார் நெருப்புக்கு முன்னால் உட்கார்ந்து நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார். "படிச்ச பெரியவங்க சில பேர் சேர்ந்து, ஊர் ஊரா ஜனங்க பேசற வார்த்தைய எல்லாம் திரட்டறாங்க. இந்தப் பள்ளத்தாக்கு வார்த்தைங்கள நான் எழுதி அனுப்பறேன்."

"ஈயத்தைத்தான் தோண்டி எடுத்துட்டுப் போனீங்க, இப்ப வார்த்தையுமா?" என்றாள் டேமர். "கேளுங்க. அது ஒண்ணுதான் சுமக்காம போகும்."

அவர் கேட்டார், அவள் சொன்னாள். ஆட்டுக் கிடைக்கு என்ன பேர், பனி விழுவதற்கு முந்தைய குளிருக்கு என்ன பேர். ஹாரியட் சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அடுத்தது, ஹஷ்," என்றார் பாதிரியார். தெற்கத்திக்காரர் வாயில் அது அப்படித்தான் வந்தது. "எங்க பக்கம் குழந்தை அழுதா சொல்றது. சத்தம் போடாதேன்னு அர்த்தம். இங்க மலைமேல வெட்டுக்கிடங்கு மாதிரி இருக்கே, அதுக்கும் அதே பேர் சொல்றாங்க."

"ஹுஷ்," என்று திருத்தினாள் டேமர்.

ஹாரியட் கண்ணைத் திறந்தாள்.

அந்த மலைகளில் ஈயம் தேடுகிறவர்களுக்கு மண்வெட்டியைவிடத் தண்ணீரே பெரிய ஆயுதம். உச்சியில் புல்மண்ணால் அணை கட்டி, நாள்கணக்கில் தண்ணீரைத் தேக்கி, ஒருநாள் உடைத்துவிடுவார்கள். வெள்ளம் பாறையும் மண்ணுமாக மலையின் தோலை உரித்துக்கொண்டு இறங்கும். அடியில் ஈயம் ஓடுகிற கோடு தெரியும். அந்த வெள்ளத்துக்கும் ஹுஷ் என்றுதான் பேர், அது அறுத்த கிடங்குக்கும் ஹுஷ்தான். தூரத்தில் நின்று கேட்டால், வருகிற சத்தமும் அதேதான்.

ஹாரியட் தெற்கே கென்ட்டில் பிறந்தவள். அவளுக்குத் தெரிந்த ஹுஷ் ஒன்றே ஒன்று, வாயை மூடு என்பது. சுரங்க மேலாளர் குடும்பத்தோடு சமையல் வேலைக்கு வடக்கே வந்து, ஐசக்கின் சிரிப்பைப் பார்த்து இங்கேயே தங்கிவிட்டாள். அப்போதெல்லாம் அவளுக்கு வாய் ஓயாது. பள்ளத்தாக்கில் ஒருவர் அவ்வளவு பேசி யாரும் கேட்டதில்லை. ஐசக்குக்கு அது பிடித்திருந்தது. டேமருக்குப் பிடித்ததா என்று யாரும் கேட்கவில்லை.

கல்யாணமாகி ஆறாம் மாதம், ஒரு ஏப்ரல் காலையில், மண்கட்டி எடுத்து வர இருவரும் கிடங்கைத் தாண்டி மேட்டுக்குப் போனார்கள். அணையை உடைக்கும்முன் ஒரு ஆள் கொம்பு ஊதுவது வழக்கம். அன்றைக்கும் ஊதியிருக்கிறான். காற்று எதிர்ப்பக்கம் அடித்தது. டேமர் இருபது அடி முன்னால் எதிர்க்கரையில் ஏறிக்கொண்டிருந்தாள். ஹாரியட் கிடங்கின் அடியில், பேசிக்கொண்டே வந்தாள். டேமர் திரும்பி, "ஹுஷ்!" என்றாள்.

கன்னத்தில் அறை விழுந்தாற்போல் இருந்தது ஹாரியட்டுக்கு. பேச்சை நிறுத்தினாள். நடப்பதையும் நிறுத்தினாள்.

"ஹுஷ்! ஹுஷ்!" என்று டேமர் மறுபடி கத்தினாள். வாயைத்தான் மூடிக்கொண்டேனே, இன்னும் என்ன என்று ஹாரியட் உதட்டைக் கடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.

டேமர் இறங்கி ஓடி வந்து அவளைப் பிடித்துக் கரைமேல் தள்ளினாள். ஹாரியட்டுக்குப் பாவாடை நுனி மட்டும் நனைந்தது. டேமரின் வலது காலைத் தண்ணீரோடு வந்த கல் வாங்கிக்கொண்டது. எலும்பு சேர்ந்தது, ஆனால் முழங்கால் அதற்குப் பிறகு மடங்கவுமில்லை, உடம்பைத் தாங்கவுமில்லை. அவளைக் கட்டிக்கொள்வதாக இருந்த கத்பர்ட் நாட்ராஸ் ஒரு வருடம் காத்திருந்துவிட்டு, மலைக்கு அந்தப்பக்கம் வேறு பெண்ணைப் பார்த்துக்கொண்டான்.

ஹாரியட்டை முகத்துக்கு நேரே யாரும் குற்றம் சொல்லவில்லை. ஆனால், "ஹுஷ்னு சொன்னா மரியாதையா நின்னு கேட்டுக்கற ஒரே பொண்ணு நம்ம ஐசக் பொண்டாட்டிதான்" என்று சாவடியில் ஒருவன் சொல்ல, மற்றவர்கள் சிரித்தது அவள் காதுவரை வந்தது. அதன் பிறகு அவள் பேச்சு வற்றிப்போனது. டேமரின் வேலையையும் தன் வேலையையும் சேர்த்துச் செய்தாள். பனிக்காலத்தில் அவளைக் கொல்லைக்குத் தூக்கிப் போனாள், குளிப்பாட்டினாள். முதுகு விட்டுப்போகிற நாளில், நியாயம்தானே என்று நினைத்துக்கொள்வாள். அந்த நினைப்பு ஓய்வு தரவில்லை. அடுத்த வேலைக்கு எழுப்பிவிட மட்டும் போதுமாயிருந்தது. இப்படிப் பதினான்கு வருடம்.

"ரெண்டும் ஒரே வார்த்தையா வேற வேறயான்னுதான் எனக்குத் தெரியணும்," என்று பாதிரியார் சொல்லிக்கொண்டிருந்தார். "அமைதியா இருன்னு சொல்ற ஹஷ் முன்ன ஹஷ்ட்னு இருந்திருக்கு. கடைசில இருந்த 'ட்' ஏதோ ஒட்டுன வாலுன்னு நெனச்சு ஜனங்க வெட்டிட்டாங்களாம். தண்ணியோட ஹஷ் வேற வழி. தண்ணி போட்ட சத்தத்த வாயால திருப்பிப் போட்டது. முகஜாடை ஒண்ணு, ஒட்டுறவு கெடையாது."

"அப்படியா?" என்றாள் டேமர்.

"ஒருத்தர் சொல்றப்ப எந்த ஹஷ்னு இங்க எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

ஊசிகள் நின்றன. டேமர் காலுறையை மடியில் வைத்தாள்.

"கண்டுபிடிக்க முடியாது. நான் ரெண்டையும் சொல்லியிருக்கேன். ஒரே எடத்துல, ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு." அவள் பாதிரியாரைப் பார்த்துத்தான் பேசினாள். "இவ செர்ரிப் பழத்தப் பத்திப் பேசிக்கிட்டே வந்தா. ஒரு மைல் தூரம். கறுப்புச் செர்ரி, செவப்புச் செர்ரி, அவங்கப்பா ஏணி. எனக்குத் தலைய வலிச்சுது. வாய மூடுடின்னுதான் ஹுஷ்னேன். தண்ணிச் சத்தம் எனக்கு அப்ப கேக்கவேயில்ல. இவ வாய மூடின பெறகுதான் கேட்டுது. ரெண்டாவது சொன்னதுதான் தண்ணிக்கு."

விறகில்லாத அந்த நெருப்பு சத்தமே போடாமல் எரிந்தது. பாதிரியாரின் பென்சில் அந்தரத்தில் நின்றது.

"இத... உதாரணமா எழுதிக்கலாமா?"

"எழுதுங்க. பேர் போடாதீங்க."

அவர் எழுதினாரோ இல்லையோ, சீக்கிரமே எழுந்து போய்விட்டார். ஹாரியட் கதவைச் சாத்தித் தாழிட்டுவிட்டு, அதிலேயே சாய்ந்து நின்றாள்.

"பதினாலு வருஷம்," என்றாள்.

"ஆமா."

"நான் சரியாத்தான் புரிஞ்சுக்கிட்டிருக்கேன்."

"மொத தடவ சரிதான்."

"ஏன் சொல்லல?"

"மொதல்ல வலி. அப்பறம் கத்பர்ட் போன ஆத்திரம். அதுக்கப்பறம், சொன்னா நீ தெற்க பாத்துக் கெளம்பிடுவியோன்னு பயம். ஐசக் போன பெறகு கேக்கவே வேணாம். என்ன யார் தூக்குவா, சொல்லு?"

ஹாரியட் கோபத்துக்காகக் காத்திருந்தாள். வரவேண்டியதுதான், வந்தால் அதற்கு இடமும் இருந்தது. ஆனால் கோபப்படுவதற்கும் உடம்பில் தெம்பு வேண்டியிருக்கிறது. கடைசியில் வந்தது ஒரு கேள்விதான்.

"தண்ணி வருதுன்னு தெரிஞ்சு ஏன் எறங்கி வந்த? கரை மேலதான நின்ன?"

"யோசிக்கல. யோசிச்சிருந்தா வந்திருக்க மாட்டேன்."

அது உண்மை என்று ஹாரியட்டுக்குத் தெரிந்தது. டேமருக்கு இனிப்பாகப் பொய் சொல்ல வராது. பேசாமல் இருக்கத்தான் வரும். ஹாரியட் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்து, ஈரப் பூட்ஸைக் கழற்றிக் காலை நெருப்புக்கு நீட்டினாள்.

"இனிமே ரொட்டிக்கு மாவு நீ பிசை," என்றாள். "கெழங்கும் உரிச்சுக் குடு. கை ரெண்டும் நல்லாத்தான இருக்கு."

"இருக்கு. நீ எப்பவோ கேட்டிருக்கலாம்."

"பேசாதேன்னு சொன்னது யாரு?"

டேமர் மூக்கால் ஒரு சத்தம் போட்டாள். சிரிப்பா, அழுகையா என்று திரும்பிப் பார்க்க ஹாரியட்டுக்குச் சக்தியில்லை. வெளிச்சம் இருக்கும்போதே கட்டிலுக்குப் போனவள், விடியும்வரை புரளாமல் தூங்கினாள்.

அந்த வாரம் முதல் டேமர் மேஜையை இழுத்துப் போட்டுக்கொண்டு மாவு பிசைந்தாள். உப்பு எப்போதும் ஒரு சிட்டிகை கூடுதல். ஹாரியட் ஒன்றும் சொல்லாமல் தின்றாள். நாலாம் வாரம் சொன்னாள். கென்ட்டில் எப்படிப் பிசைவார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னாள். அன்றைக்கு விளக்கேற்றுகிறவரை இருவரும் உப்பைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.