ஐந்தாவது டேக்

ஜூலை மாதம். வெளியே முப்பத்திரண்டு டிகிரி. வடக்கு லண்டனில் ஒரு தேவாலயத்துக்குள் எட்டுப் பேர் அரைக்கால் சட்டையோடு நின்று பனியையும் மாட்டுத் தொழுவத்தையும் பாடிக்கொண்டிருந்தோம். டிசம்பரில் கடைக்கு வரும் கிறிஸ்துமஸ் ஆல்பத்தைக் கோடையில் பாடினால்தான் உண்டு. ஒலிப்பதிவில் விமானச் சத்தம் விழுகிறதென்று ஜன்னல்களையும் சாத்திவிட்டார்கள். எனக்கு அதிலேயே பாதிக் கோபம்.

மீதிக் கோபம் டங்கனால் வந்தது. குழுவின் தலைவன். கல்லூரி நாளிலிருந்தே என்னோடு பாடுகிறவன். எட்டுப் பேரில் நான்தான் அடிக்குரல்.

அந்த ஆல்பத்தில் ஒரு தாலாட்டு உண்டு. பைபிளில் ஏரோது ராஜா கொல்லச் சொன்ன குழந்தைகளுக்கு அவர்களுடைய தாய்மார் பாடுவது. கடைசிச் சரணத்தை ஃபிலிப்பா தனியாகப் பாட, மற்றவர்கள் வாய் திறக்காமல் கீழே சுருதி பிடிக்க வேண்டும். அவளுக்கோ ஏப்ரலில்தான் ஏழாம் மாதத்தில் குழந்தை இறந்தே பிறந்திருந்தது.

"வேற யாராவது பாடட்டுமேய்யா" என்றேன் டங்கனிடம்.

"அவளே பாடறேன்னுட்டா. உனக்கென்ன?"

நான்கு முறை பதிவு செய்தோம், நான்கு டேக்கும் சுத்தமாகப் பாடினாள். ஐந்தாவதில் கடைசி வரியில் குரல் உடைந்தது. உடைந்தபடியே முடித்து, இசைத்தாளைக் கீழே வைத்துவிட்டு, வெளியே கல்லறைகளுக்கு நடுவில் போய் நின்றுகொண்டாள்.

டங்கன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கிடைச்சிருச்சு" என்றான். அவனை அப்போதே அறைந்திருக்க வேண்டும்.

திரும்பி வந்தவள் சொன்னாள்: "அதைப் போடாத, டங்கன். நான் பாடல, அழுதேன். நாலாவது டேக் நல்லாத்தான இருந்துச்சு."

"பாக்கலாம், ஃபிலிப்பா."

பார்த்த லட்சணம் ஆகஸ்டில் தெரிந்தது. எங்களுக்குக் கேட்க அனுப்பியதில் இருந்தது ஐந்தாவது டேக்தான். போதாததற்கு உறையில் அச்சிட ஒரு குறிப்பு வேறு: அண்மையில் குழந்தையை இழந்த தாயின் குரலாம்.

ஃபிலிப்பா போன் செய்தாள். "டிசம்பரானா எந்தக் கடைக்குள்ள போனாலும் அது ஓடும், கிளைவ். என் பிள்ளைக்காக நான் அழுததை, ஜனங்க கேக் வாங்கிக்கிட்டே கேப்பாங்க."

எங்கள் குழுவில் ஒரு விதி உண்டு. அனுப்பியதைக் கேட்டபின் அவரவர் தம் குரலில் உள்ள தப்பை மட்டும் எழுதலாம். அடுத்தவர் குரலைப் பற்றி மூச்சு விடக் கூடாது. என் வாயை அடைக்க டங்கன் போட்ட விதி அது. முன்பெல்லாம் நான் ஒருத்தரையும் விட்டுவைக்க மாட்டேன். சுருதி விஷயத்தில் எனக்குத் திமிர் ஜாஸ்தி, ஒப்புக்கொள்கிறேன். பத்தொன்பது வருஷத்தில் என் பெயருக்கு எதிரே ஒரு தப்புகூட எழுதியதில்லை. எழுதுவதற்கு இருந்ததுமில்லை.

ஃபிலிப்பா தன் தப்பை எழுதினாள். 'அது தப்பே இல்லை, ஆல்பத்தின் உயிரே அதுதான்' என்று டங்கன் எல்லோருக்கும் பதில் அனுப்பினான். படித்ததும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. உடைந்த குரலை உயிர் என்று விற்கலாம். இறங்கிய சுருதியை எவன் வாங்குவான்? உட்கார்ந்து எழுதினேன்: 'ஐந்தாவது டேக், கடைசிச் சரணம் முழுக்க அடிக்குரலில் சுருதி இறங்கியிருக்கிறது.' ஒரே அறையில் சேர்ந்து நின்று பாடியது. என் குரலை மட்டும் உருவி எடுக்க முடியாது.

டங்கன் எட்டுப் பேரையும் கூப்பிட்டு அதைப் போட்டுக் காட்டினான்.

"எங்கய்யா இறங்குது? காட்டு."

"ஆரம்பத்துலேர்ந்தே."

"புளுகாத."

"மத்தவங்களக் கேளேன். அட, கேக்க முடியாதே, உன் விதியாச்சே. மீறி வெளியிட்டியோ, சுருதி தப்பின ஆல்பம்னு பத்திரிகைக்கு நானே சொல்வேன்."

அங்கிருந்த அத்தனை பேருக்கும் காது உண்டு. ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஃபிலிப்பா தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலாவது டேக்கோடு ஆல்பம் வெளிவந்தது. உறையில் குறிப்பும் இல்லை.

ஜனவரியில் எனக்குக் கடிதம் வந்தது. நானே எழுத்தில் ஒப்புக்கொண்ட சுருதிக் குறைபாட்டை முன்னிட்டு, இனி நான் குழுவில் இல்லை. கிளைவுக்குக் காது போய்விட்டதாம் என்று ஊரெல்லாம் பேச்சு. ஃபிலிப்பா வீட்டுக்கே வந்துவிட்டாள்.

"நாங்க எல்லாரும் சொல்றோம், நீ தப்பவே இல்லன்னு."

"சொன்னா அந்த டேக் சுத்தமாயிடும். அவன்கிட்ட பத்திரமா இருக்கு. அடுத்த டிசம்பருக்கே போட்டுருவான்."

போட்டு வந்த கோட்டைக்கூடக் கழற்றாமலே அவள் கிளம்பிப் போனாள்.

மார்ச்சில் வேறொரு குழுவில் ஆள் தேவை என்றார்கள். போனேன். இருபத்தைந்து வயதுகூட இராத ஒருவன் என் பாட்டை முழுதும் கேட்டுவிட்டு, தயங்கித் தயங்கிக் கேட்டான்: "உங்க சுருதியப் பத்தி என்னமோ சொல்றாங்களே, சார். நிஜமா?"

பியானோவைத் தூக்கி அவன் தலையில் போடலாம் போலிருந்தது.

"நிஜந்தான்" என்றேன். "இறங்கிடும்."